உணவுப் பையில் நூடுல்ஸ், வீட்டில் நீரிழிவு: என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் ஈரறை வாடகை வீட்டில் இருக்கிறோம். துப்புரவு வேலை முடிந்து நான் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடும். கணவருக்கு நீரிழிவு. மாதந்தோறும் தானமாகக் கிடைக்கும் உணவுப் பையில் வெள்ளை அரிசி, உடனடி நூடுல்ஸ், பிஸ்கட், த்ரீ-இன்-ஒன் காப்பி, டின் சார்டின்தான் இருக்கும். காய்கறி நிறையச் சாப்பிடச் சொல்கிறார் மருத்துவர். எங்கள் வருமானத்தில் முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இதுவரை முடியாமல் போனது உங்கள் அக்கறைக் குறைவால் அல்ல. சிங்கப்பூரில் புளோக்கை விட்டு இறங்கினால் பெரும்பாலும் பக்கத்திலேயே ஈரச்சந்தையோ பேரங்காடியோ இருக்கும். எட்டாமல் இருப்பவை பணமும் நேரமும்தான். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் லியன் நிலையம் 2020ல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஓராண்டில் ஒருமுறையாவது போதிய உணவுக்குத் திண்டாடிய குடும்பங்கள் பத்தில் ஒன்று. நீங்கள் தனியாக இல்லை.

சரி, பையில் இருப்பதிலிருந்தே தொடங்குவோம். அதில் நல்ல பொருள் சார்டின்தான். புரதம் இருக்கிறது, முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் கிடைக்கும். டின்னில் உள்ள சாற்றை வடித்துவிட்டு, வெங்காயம், தக்காளியோடு முட்டைக்கோஸை நிறையப் போட்டு வதக்குங்கள். இருபது நிமிட வேலை. முட்டைக்கோஸ், காரட், பரங்கிக்காய் மூன்றும் சீக்கிரம் கெடாது. வாரம் ஒருமுறை வாங்கினால் போதும். உறைந்த காய்கறியிலும் சத்து குறைவில்லை, நறுக்கும் வேலையும் மிச்சம்.

நூடுல்ஸில் மசாலாத்தூள் பாதி போதும், உப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. முட்டையும் ஒரு கைப்பிடி கங்கோங் கீரையும் சேருங்கள். த்ரீ-இன்-ஒன் காப்பியும் இனிப்பு பிஸ்கட்டும் கணவருக்கு வேண்டாம். பாலும் சர்க்கரையும் சேர்க்காத கோப்பி ஓ கோசோங் பழகட்டும்.

விலை கட்டுப்படியாகாவிட்டால் பழுப்பரிசிக்கு மாற வேண்டியதில்லை. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்பங்கு சோறு, கால்பங்கு பருப்பு, முட்டை, மீன் அல்லது தவ்க்வா (கெட்டி டோஃபு). சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் அளவும் இதுதான். வெளியே எகானமி ரைஸ் (சோறும் நாமே தேர்ந்தெடுக்கும் கறிகளும்) வாங்கினாலும் இதே கணக்கு: வழக்கமாகத் தரும் சோற்றில் பாதி, இரண்டு காய், குழம்பு ஊற்ற வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். சில நீரிழிவு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடான நாட்கள் உண்டு என்பதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருவோம். அரசாங்கம் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டில் பேரங்காடிக்கு ஒதுக்கிய பகுதியை முட்டை, பருப்பு, உறைந்த காய்கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பகுதியை, திட்டத்தில் சேர்ந்துள்ள ஈரச்சந்தைக் கடைகளில் கீரைக்கும் மீனுக்கும் செலவிடலாம். பிள்ளைகள் பள்ளி சென்றால், கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தில் பள்ளி உணவும் உண்டு. பள்ளி அலுவலகத்தில் விசாரியுங்கள். மாதச் செலவே இழுபறி என்றால், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்க உதவித் திட்டமான காம்கேரை அழையுங்கள்: 1800-222-0000.

அப்புறம், உணவுப் பை கொடுப்பவர்களிடமும் பேசுங்கள். தானமாக வருவதில் குறை சொல்லக்கூடாது என்று நம் மக்கள் பலர் வாயைத் திறப்பதே இல்லை. வீட்டில் நீரிழிவு இருப்பதைச் சொல்வது குறை அல்ல. பிஸ்கட்டுக்குப் பதில் ஓட்ஸ், காப்பிக்குப் பதில் இன்னும் இரண்டு டின் சார்டின் தர முடியுமா என்று அடுத்த முறை பை வரும்போதே கேளுங்கள்.