பல்லைப் பிடுங்கியும் போகாத மரப்பு: கன்னத்துக்குப் பின்னால் ஆழத்தில் ஒரு கட்டி

கேள்வி: என் மனைவிக்கு வயது 43. எட்டு மாதமாக வலது பக்கக் கீழுதடும் முகவாயும் மரத்துப் போயிருக்கின்றன, பல் வலியும் இருந்தது. பல்தான் காரணம் என்று ரூட் கேனல் செய்தோம், அதற்கும் அடங்காமல் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் ஆயிற்று. பிறகு வலது காது அடைத்துக்கொண்டது. இப்போது வாயை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'வலது இன்ஃப்ராடெம்போரல் ஃபோசாவில் 3.8 செ.மீ. கட்டி, ஃபோரமென் ஓவேல் விரிந்திருக்கிறது' என்று இருக்கிறது. ஒரு டாக்டர் அடுத்த வாரமே ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் முதலில் பயாப்சி என்கிறார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். இது புற்றுநோய்தானா? ஆபரேஷன் செய்தால் முகம் கோணிவிடுமா?

பதில்: பயாப்சி முதலில் என்று சொன்ன டாக்டர் பக்கம்தான் நான். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை, பெரும்பாலும் வேண்டியிருக்கும். ஆனால் அந்த இடத்தில் வரும் கட்டிகளில் ஒன்றுக்குச் செய்யும் ஆபரேஷன் இன்னொன்றுக்குப் போதாது, மூன்றாவதற்கு அந்த ஆபரேஷனே தேவைப்படாது. என்ன கட்டி என்று தெரியாமல் கத்தியை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்த ரிப்போர்ட் சொல்லும் இடம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். கன்ன எலும்புக்குக் கீழே, கீழ்த்தாடையின் மேலெழும் பகுதிக்கு உள்பக்கம், மேல்தாடை எலும்புக்குப் பின்னால் ஒரு குழி இருக்கிறது. மேலே கூரையாக மண்டையோட்டின் அடித்தளம், அதற்கு மேல் மூளை. அந்தக் கூரையில் உள்ள முட்டை வடிவத் துளைதான் ஃபோரமென் ஓவேல். அதன் வழியாக முகத்தின் உணர்வு நரம்பான ட்ரைஜெமினலின் மூன்றாவது கிளை கீழே இறங்குகிறது. கீழ்ப் பற்கள், கீழுதடு, முகவாய், நாக்கின் முன்பகுதி இவற்றுக்கெல்லாம் உணர்வு தருவதும், மெல்லும் தசைகளை இயக்குவதும் இந்தக் கிளைதான். உங்கள் மனைவியின் தொந்தரவுகளை இந்த ஒரே நரம்பை வைத்து வரிசையாக விளக்கிவிடலாம். பல்லில் கோளாறு இல்லாமலே பல் வலித்தது, உதடு மரத்தது, மெல்லும் தசைகள் பாதிக்கப்பட்டு வாய் திறப்பது குறைந்தது. காது அடைப்பும் அப்படித்தான்: மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் அந்தக் குழியை ஒட்டித்தான் ஓடுகிறது, அதைத் திறக்கும் தசைக்கும் இதே நரம்புதான். குழாய் திறக்காவிட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டும்.

பல் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். பல் வலியோடு வருபவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் பல்தான் காரணம். ஆனால் மரப்பு வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது, இதை மற்ற வாசகர்களும் கவனிக்க வேண்டும். சொத்தைப் பல் வலிக்கும், வீங்கும், உதட்டை மாதக் கணக்கில் மரக்க வைப்பது அபூர்வம். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று சொல்லிக் கார்பமசெபைன் மாத்திரை எழுதிக் கொடுப்பார்களே, அந்த நோயிலும் மின்சாரம் பாய்ந்தது போல வலி வெட்டி வெட்டி வருமே தவிர, இடையில் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் உணர்வு சரியாகத்தான் இருக்கும். ஆகவே விபத்தோ பல் சிகிச்சையோ காரணமில்லாமல் முகத்தில் ஒரு பக்கம் மரத்து, அது போகாமல் நின்றால் எம்ஆர்ஐ எடுத்தே ஆக வேண்டும். பெரியவர்களுக்கு ஒரே ஒரு காதில் மட்டும் நீர் கட்டிச் சரியாகாமல் இருந்தால், மூக்கு வழியாகச் சிறிய கேமரா விட்டு நாசித்தொண்டையை, அதாவது மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேரும் இடத்தை, பார்த்தே ஆக வேண்டும். நாசித்தொண்டைப் புற்றுநோய் அப்படித்தான் ஒளிந்திருக்கும். ஒரு பக்கம் காது மந்தம், அண்ணம் அசையாமை, கீழ்த்தாடை நரம்பில் வலி, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அந்த நோயைத் தேடு என்று ட்ராட்டர் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1911-லேயே எழுதிவிட்டார். உங்கள் மனைவிக்கு அந்தக் கேமரா பரிசோதனை நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நடக்கவில்லையென்றால் ஈஎன்டி டாக்டரிடம் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. (வாய் திறக்கவில்லை என்று படிக்கும் எல்லோரும் கட்டி என்று பயந்துவிட வேண்டாம். நம் ஊரில் அதற்கு முக்கியக் காரணம் பாக்கும் புகையிலையும் மென்று கன்னத்தின் உட்பகுதி நாராக இறுகுவதுதான். ஆனால் அதில் உதடு மரக்காது.)

சரி, புற்றுநோயா? அந்த ஒரு வரியை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. துளை விரிந்திருக்கிறது என்பதால் கட்டி நரம்போடு தொடர்புடையது என்று ஊகிக்கலாம். எப்படி விரிந்திருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. நரம்பின் உறையிலிருந்து வளரும் ஷ்வானோமா என்ற, புற்றுநோயல்லாத சாதாரணக் கட்டி வருடக் கணக்கில் மெதுவாகப் பெருத்து, துளையின் ஓரம் வழவழவென்று இருக்கும்படியே அதை அகலமாக்கும். புற்றுநோய் என்றால் ஓரம் கரையான் அரித்த மரம் போலப் பிசிறு பிசிறாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை எம்ஆர்ஐயை விட, எலும்புக்கென்று மெல்லிய துண்டுகளாக எடுக்கும் சிடி ஸ்கேன் தெளிவாகக் காட்டும். ஆகவே இரண்டும் வேண்டும், ஒன்று இருக்கிறதே இன்னொன்று எதற்கு என்று கேட்காதீர்கள். எம்ஆர்ஐயும் மருந்து ஏற்றி, கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். அப்போதுதான் கட்டி நரம்பு வழியாக மண்டைக்குள் ஏறியிருக்கிறதா என்று தெரியும்.

நரம்பு வழி ஏறுவதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற புற்றுநோய். உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும், வாய், மூக்கு, சைனஸ் உள்சவ்வில் இருக்கும் குட்டிச் சுரப்பிகளிலும் தோன்றுவது. மெதுவாகத்தான் வளரும், அதனாலேயே ஏமாற்றும். நரம்பைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து போகும். ஸ்கேனில் கட்டி முடிகிற இடத்தைத் தாண்டியும் நரம்புக்குள் அதன் செல்கள் இருக்கலாம். நுரையீரலில் பத்து வருடம் கழித்துக்கூடத் தலை காட்டும். அதற்கு ஓரத்தோடு சேர்த்து அகலமாக எடுக்க வேண்டும், பிறகு ஆறு வாரம் போல ரேடியேஷன், அதன் பிறகு ஆயுள் முழுக்கப் பரிசோதனை. ஷ்வானோமாவுக்கு இதெல்லாம் எதுவும் வேண்டாம். உறையைத் திறந்து உள்ளிருப்பதை அகற்றினாலே பெரும்பாலும் போதும், நரம்பிழைகளைக் காப்பாற்ற ஒரு சிறு பகுதியை விட்டுவைப்பதும் உண்டு. லிம்ஃபோமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய் என்றால் பெரிய ஆபரேஷனே கிடையாது, கீமோதான் பிரதான சிகிச்சை. வேறெங்கோ, உதாரணமாக மார்பகத்தில், தொடங்கிய புற்றுநோயின் பரவலாக இருந்தால் திட்டமே வேறு. ஆகவே மார்பகப் பரிசோதனையும் இப்போதே ஆகட்டும். இன்னொன்று: அவருக்குச் சர்க்கரை உண்டா? எழுதவில்லை. சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு மண்டையோட்டு அடித்தள எலும்பில் பாக்டீரியா, பூஞ்சைத் தொற்று வந்து ஸ்கேனில் அச்சு அசலாகக் கட்டி மாதிரியே தெரியும். அதற்கு மருந்து வாரக் கணக்கில் ஏற்ற வேண்டும். 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தவர்களின் ஸ்கேன்களைப் பார்த்த யாருக்கும் இந்த எச்சரிக்கை புதிதல்ல.

இப்போது ஊசி. ஊசி குத்தினால் பரவும் என்ற பயம் பரம்பரையாக வருகிறது, எத்தனை முறை எழுதினாலும் போகவில்லை. ஊசி போன பாதையில் செல்கள் ஒட்டி வளர்வது மிக அபூர்வம். ஆனால் பயாப்சி செய்யாமல் தவறான ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அவ்வளவு அபூர்வம் அல்ல. சிடி ஸ்கேனில் படுக்க வைத்து, கன்ன எலும்புக்குக் கீழே தாடை எலும்பில் இருக்கும் பள்ளத்தின் வழியாக, ஊசி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே செலுத்துவார்கள். மயக்கம்கூடப் பெரும்பாலும் வேண்டாம், தோலை மரக்க வைத்தால் போதும். மெல்லிய ஊசியில் செல்களை மட்டும் உறிஞ்சும் எஃப்என்ஏசி இந்த இடத்துக் கட்டிகளுக்குப் பல நேரம் பத்தாது. சதைத்துண்டாகவே எடுக்கும் கோர் பயாப்சி கேளுங்கள். எடுக்கும் ரேடியாலஜிஸ்ட் முதலில் கட்டிக்குள் ரத்த ஓட்டம் எப்படி என்று எம்ஆர்ஐயில் பார்த்துவிடுவார். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊசி போடவே கூடாத கட்டி ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கின் பின்பகுதியில் தொடங்கி இதே குழிக்குள் நுழையும் ஆஞ்சியோஃபைப்ரோமா. வளரும் பருவத்துப் பையன்களுக்குத்தான் வரும்: ஒரு பக்கம் மூக்கடைப்பு, திரும்பத் திரும்ப ரத்தம் கொட்டுதல். முழுக்க ரத்தக்குழாய்களால் ஆனது, துண்டு எடுக்கப் போனால் ரத்தம் நிற்காது. அதை ஸ்கேனை வைத்தே கண்டுபிடித்து, ஆபரேஷனுக்கு ஓரிரு நாள் முன்பு ரத்தக்குழாயை உள்ளிருந்து அடைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். 43 வயதுப் பெண்ணுக்கு அந்தக் கவலை இல்லை.

பயாப்சி ரிசல்ட் வந்ததும் ரிப்போர்ட் காகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, இப்படிப்பட்ட கட்டிகளை அடிக்கடி பார்க்கும் பெரிய மையத்துப் பேத்தாலஜிஸ்ட் ஒருவரிடம் இன்னொரு முறை காட்டுங்கள். அபூர்வக் கட்டிகளில் பெயர் மாறுவது சகஜம். ஷ்வானோமா என்றால் எஸ்-100 என்ற சாயம் பளிச்சென்று பிடித்திருக்க வேண்டும், அது போன்ற ஐஎச்சி சோதனைகள் (செல்லில் உள்ள புரதங்களைச் சாயம் காட்டிக் கண்டுபிடிப்பவை) செய்யாமல் வந்த ரிப்போர்ட்டை முழு ரிப்போர்ட் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எந்த ஊரில் என்பதை விட யார் கூட்டாகப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஈஎன்டி ஹெட் அண்ட் நெக் சர்ஜன், நியூரோசர்ஜன், ரேடியாலஜிஸ்ட், பேத்தாலஜிஸ்ட், ரேடியேஷன் டாக்டர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசும் ட்யூமர் போர்டு இருக்கிற இடமாக இருக்கட்டும். வேலூர் சிஎம்சி, சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகள், அடையாறு புற்றுநோய் மையம் என்று உங்களுக்கு ஒரு ராத்திரிப் பயண தூரத்திலேயே இருக்கின்றன. அந்த சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்: இந்த மாதிரி ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கடைசியில் நீட்டாமல் முதல் நாளே காட்டுங்கள். புரோட்டான் ரேடியேஷன் சென்னையில் 2019 முதல் இருக்கிறது, செலவு அதிகம், எல்லாக் கட்டிக்கும் அது தேவையில்லை. மண்டையோட்டு அடித்தளத்தில் வரும் கார்டோமா, காண்ட்ரோசார்கோமா போன்ற புற்றுக்கட்டிகளுக்கும், மூளைத்தண்டு, பார்வை நரம்பை ஒட்டி அதிக அளவு கதிர் கொடுக்க வேண்டியிருக்கும்போதும் அது உதவும். காமா நைஃப், அதாவது கத்தியில்லாமல் கதிர்களைக் கட்டியின் மேல் குவிக்கும் சிகிச்சை, பொதுவாக 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளுக்கு, உங்கள் மனைவியின் கட்டி அதைத் தாண்டிவிட்டது.

ரேடியேஷன் வரலாம் என்றால் அதற்கு முன்பே பற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும், ரேடியேஷன் பட்ட தாடையில் பிறகு பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு. அதற்காக இப்போது இந்த வலிக்கென்று இன்னொரு பல்லைத் தொட விடாதீர்கள். வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது என்பதை மயக்க டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். வாய் வழியாகக் குழாய் இறக்க முடியாவிட்டால், விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமராவின் துணையோடு இறக்க வேண்டிவரும், அதற்கு அவர்கள் தயாராக வரவேண்டும்.

கடைசியாக முகம் கோணுவது. முகத்தை அசைக்கும் நரம்பு வேறு, இந்தக் கட்டி உட்கார்ந்திருக்கும் நரம்பு வேறு, ஆகவே ஆபரேஷன் என்றாலே முகம் கோணிவிடும் என்று இல்லை. 1978-இல் ஜூரிச்சின் உகோ ஃபிஷ் இந்தக் குழிக்குள் போகும் ஆபரேஷன் வழிகளை விவரித்து எழுதிய காலத்தில், காதுக்குப் பின்னாலிருந்து பெரிதாகத் திறந்துதான் போனார்கள். இன்று குழியின் உள்பக்கம் இருக்கும் கட்டிகளை மூக்கு, மேல்தாடை சைனஸ் வழியாக எண்டோஸ்கோப் விட்டே எடுக்கிறார்கள், முகத்தில் தழும்பே இருக்காது. வெளிப்பக்கம் இருந்தால் காதுக்கு முன்னால் முடிக்குள் மறையும் கீறல். அதில் நெற்றியைத் தூக்கும் கிளை சில மாதம் சோர்ந்திருக்கலாம், கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பொட்டுப் பகுதி கொஞ்சம் குழிந்து தெரியலாம். கீழுதட்டு மரப்பு போகாமல் நின்றுவிட வாய்ப்பிருக்கிறது, அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: சூடான காபி உதட்டைச் சுடுவது தெரியாது, சோறு ஒட்டியிருப்பது தெரியாது. வாய் திறப்பது தானாகச் சரியாகாது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, வாரம் ஒன்றாகக் கூட்டும் பயிற்சி ஆபரேஷன் காயம் ஆறத் தொடங்கியதுமே ஆரம்பிக்க வேண்டும், அழுகை வரும், விடக்கூடாது. இன்றைக்கு மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று ஸ்கேலில் அளந்து தேதி போட்டு எழுதி வையுங்கள், பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.