கணவர் கையெழுத்து கேட்கிறார்கள், எனக்குத் திருமணமே ஆகவில்லை

கேள்வி: எனக்கு 24 வயது, திருமணம் ஆகவில்லை. கருத்தடைச் சாதனம் பயன்படுத்தியும் கருவுற்றுவிட்டேன். ஸ்கேனில் 11 வாரம் என்று வந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில், 'கணவர் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் அம்மா அப்பாவை அழைத்து வா' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குத் தெரியக் கூடாது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். மாத்திரை மூலம் கருக்கலைப்பு செய்ய 9 வாரம் வரைதான் விதிகள் அனுமதிக்கின்றன, அதையும் பதிவு பெற்ற மருத்துவர்தான் தர வேண்டும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். தெரிந்த கடைக்காரர் தருகிறார் என்பதற்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

இனி அந்தக் கையெழுத்து. 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த, மனநலம் பாதிக்கப்படாத பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். கணவர் இருந்தாலும் அவர் கையெழுத்து தேவையில்லை. சந்தேகம் இருந்தால் மருத்துவமனையிலேயே 'படிவம் சி' என்ற சம்மதப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அரைப் பக்கம்கூட வராத தாள் அது. 'இன்னாருடைய மகள் அல்லது மனைவி' என்று எழுத ஓர் இடம், வயது, முகவரி, கடைசியில் உங்கள் கையெழுத்து. கணவருக்கு அதில் இடமே கிடையாது. 'மகள்' என்ற சொல்லை அச்சிட்டவர்களுக்கு உங்களைப் போன்றவர்கள் வருவார்கள் என்பது தெரிந்திருக்கிறது, கவுண்டரில் இருப்பவருக்குத்தான் தெரியவில்லை.

மருத்துவரின் கருத்து மட்டும் அவசியம். 20 வாரம் வரை ஒரு மருத்துவர் போதும். கருத்தடை பலிக்காமல் போனது சட்டம் ஏற்கும் காரணம். முன்பு அது 'மணமான பெண் அல்லது அவள் கணவர்' என்று இருந்தது, 2021 திருத்தத்தில் 'எந்தப் பெண்ணும் அல்லது அவளுடைய துணையும்' என்று மாறிவிட்டது. குடும்பத்தார் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கைத் தொடுத்தவரும் மணமாகாத பெண்தான்.

வீட்டுக்குத் தகவல் போகுமோ என்ற பயம் நியாயமானது. உங்கள் சம்மதப் படிவத்தை உறையிலிட்டு முத்திரை வைத்து, 'இரகசியம்' என்று குறித்துப் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. சட்டம் அனுமதித்தவர் அல்லாத எவரிடமும் உங்கள் பெயரையோ விவரத்தையோ மருத்துவர் வெளியிட்டால், அந்த 1971 சட்டத்தின் பிரிவு 5ஏ படி ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நாளைக் காலை வயதுச் சான்றும் ஸ்கேன் அறிக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். மறுபடி மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். 'படிவம் சி-யில் நான் கையெழுத்திடத் தயார், மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்' என்று தலைமை மருத்துவருக்கு இரண்டு வரி மனு எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு அந்த முத்திரை கேட்கும்போதே கதவு திறந்துவிடுகிறது. திறக்காவிட்டால் அதே நகலோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். தொலைபேசி எண் 15100.

தள்ளிப்போட வேண்டாம். 20 வாரம் தாண்டினால் இரண்டு மருத்துவர்கள் வேண்டும், அதுவும் சில வகைப் பெண்களுக்கு மட்டும்தான்.