சாம்பிள் பையோடு டெல்லி மெட்ரோவில் போகலாமா?

கேள்வி: கேரளா எக்ஸ்பிரஸில் முதன்முறையாக டெல்லி போகிறேன். கரோல் பாக் கடைக்காரர்களிடம் பனியன் சாம்பிள் காட்ட வேண்டும். இந்தி தெரியாது. புது டெல்லி ஸ்டேஷனிலிருந்து மெட்ரோ தோதுப்படுமா, ஆட்டோதானுங்களா?
– வாசகர், திருப்பூர்

தோதுப்படும். ஆனால் அது உங்கள் பையைப் பொறுத்தது. ஆளுக்கு 25 கிலோ வரைதான் அனுமதி. பை எக்ஸ்ரே மெஷினுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். அட்டைப்பெட்டி, மூட்டை எல்லாம் வேண்டாம். டிசைனுக்கு ஒரு பீஸ் எடுத்து, ஒரே டிராலிப் பையில் அடக்குங்கள். துணியின் எடை பார்க்க வட்டமாக வெட்டும் ஜிஎஸ்எம் கட்டரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதில் பிளேடு இருக்கிறது, சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

மெட்ரோ வாசல் அஜ்மீரி கேட் பக்கம். பஹார்கஞ்ச் பக்கம் வெளியே வந்துவிட்டால் பையை இழுத்துக்கொண்டு மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். கீழே மஞ்சள் பாதையில், குருகிராம் போகும் ரயிலில் ஏறி அடுத்த ஸ்டேஷனான ராஜீவ் சௌக்கில் இறங்குங்கள். அங்கே நீலப் பாதைக்கு மாறி, துவாரகா பக்கம் போகும் ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் கரோல் பாக். ராஜீவ் சௌக் தாண்டியதும் ரயில் சுரங்கத்தைவிட்டு மேலே வந்துவிடும், ஜன்னலில் வெளிச்சம் தெரியும். சரியான ரயில் என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

மொழிக்குப் பயப்படவே வேண்டாம். அறிவிப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். ‘அக்லா ஸ்டேஷன்’ என்றால் அடுத்த ஸ்டேஷன். ‘பாயீ’ இடது, ‘தாயீ’ வலது, அதாவது கதவு திறக்கும் பக்கம். இந்த மூன்று சொல் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம். ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது. அவசரத்தில் ஆண்கள் அதில் ஏறினால் அபராதம்.

உங்கள் வண்டி தாமதமாகி மாலை ஆறு, ஏழு மணிக்குச் சேர்ந்தால் மெட்ரோவை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் ராஜீவ் சௌக் படிக்கட்டில் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும். பையோடு வண்டி மாறுவது பெரும்பாடு. அன்றைக்குப் ப்ரீபெய்டு ஆட்டோவே நல்லது. தூரமும் அதிகமில்லை. அப்புறம் பை அறையில் இருக்கும்போது ஊரெல்லாம் மெட்ரோவிலேயே சுற்றலாம்.

டிக்கெட் எடுக்கும்முன் கிழமையைப் பாருங்கள். சனிக்கிழமை இரவு திருப்பூரில் ஏறினால் திங்கட்கிழமை டெல்லி. கரோல் பாக் சந்தைக்கு அன்றுதான் வார விடுமுறை.