மடியில் ஐந்து கிலோ கனம்

கேள்வி: என் கணவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாற்பது ஆண்டுகள் நாணயம் சேர்த்தார். போன வருடம் காலமாகிவிட்டார். பீரோவில் மூன்று பிஸ்கட் டின்கள் இருக்கின்றன. வெள்ளி ரூபாய் மட்டும் 420 எண்ணினேன். அவற்றோடு கொஞ்சம் சோழர் செப்புக்காசு, நட்சத்திர வராகன் என்ற பழைய தங்கக் காசு ஒன்று, பணம் என்று சொல்வார்களே, பொட்டு அளவில் அந்தத் தங்கக் காசு நாலைந்து. தில்லியில் இருக்கும் மகள், "விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டி மதிப்புப் போடலாம், எடுத்து வாருங்கள்" என்கிறாள். சென்னையிலிருந்து விமானத்தில் தனியாகப் போகிறேன். பாதுகாப்புச் சோதனையில் பில் எங்கே என்று கேட்டுப் பறித்துக்கொள்வார்களோ என்று தூக்கம் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர், சூட்கேஸில் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டி லக்கேஜில் போட்டுவிடச் சொல்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகனும் தில்லிக்கு வருகிறான். தன் பங்கை அங்கிருந்தே எடுத்துப் போகிறானாம். நான் என்ன செய்யட்டும் ஐயா?

— வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, நீங்கள் பயப்பட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று எதிர்வீட்டுக்காரரின் யோசனை, மற்றொன்று உங்கள் மகனின் யோசனை. நடுவில் இருக்கும் பாதுகாப்புச் சோதனைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் சூட்கேஸ். கவுண்டரில் கொடுத்த பெட்டியை அதற்குப் பிறகு நீங்கள் பார்ப்பது தில்லியில்தான். பணம், நகை, விலையுயர்ந்த உலோகம் எதையும் அதில் வைக்காதீர்கள், வைத்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று விமான நிறுவனங்கள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. பெட்டியே தொலைந்துபோனாலும் உள்நாட்டுப் பயணத்தில் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். உங்கள் 420 ரூபாயும் 1940க்கு முந்தையவை என்றால் சுத்த வெள்ளி மட்டுமே ஏறக்குறைய நாலரைக் கிலோ இருக்கும். இன்றைய வெள்ளி விலையில் பெருக்கிப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கை எதிர்வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள்.

ஆகவே கைப்பைதான். அதிலும் ஒரு சிக்கல். பழைய வெள்ளி ரூபாய் ஒன்று 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. 420 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 4.9 கிலோ. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் ஏழு கிலோதான் அனுமதி. டின், உறை, உங்கள் மருந்து, மூக்குக்கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் தராசு முள் எல்லையைத் தொட்டுவிடும். அதைவிட, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவானேன்? மதிப்புப் போடுபவருக்கு ஒரே மாதிரியான, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த ரூபாய் இருநூறு தேவையில்லை. ஆண்டுக்கு ஒன்று, நிலைமை நன்றாக இருப்பது போதும். மீதிக்குப் படமும் எண்ணிக்கையும் போதும். எடுத்துப் போகாததை வங்கி லாக்கரில் வையுங்கள். லாக்கரில் திருட்டோ தீ விபத்தோ நடந்தால் ஆண்டு வாடகையின் நூறு மடங்குவரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி.

இப்போது சோதனைக்கு வருவோம். அங்கே நிற்கும் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் தேடுவது ஆயுதத்தையும் வெடிபொருளையும். பழைய நாணயம் வைத்திருப்பதும் நாட்டுக்குள் எடுத்துச் செல்வதும் குற்றமில்லை. ஆனால் எக்ஸ்ரே திரையில் உங்கள் டின் எப்படித் தெரியும் தெரியுமா? துணி, காகிதம், சாப்பாடு எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், உலோகம் நீலத்தில் தெரியும். உலோகம் கனமாக அடுக்கியிருந்தால் கதிர் ஊடுருவாமல் கருப்பாக ஒரு கட்டி தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத எதையும் திறந்து பார்ப்பது அவர்கள் வேலை. எக்ஸ்ரேயால் நாணயத்துக்கு ஒரு கெடுதலும் வராது, திறக்கும்போதுதான் வரும்.

என் கதையைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மிட்டாய் டப்பாவில் ஐம்பது அறுபது காசுகளை அப்படியே கொட்டி எடுத்துக்கொண்டு போனேன். எந்த ஊர் விமான நிலையம் என்பது இங்கே தேவையில்லை. காவலர் டப்பாவைத் திறந்து பிளாஸ்டிக் தட்டில் கவிழ்த்தார். சோளப்பொரி பொரிவதுபோல ஒரு சத்தம். 1840 விக்டோரியா ரூபாய் ஒன்று துள்ளி, பெல்ட் முடியும் இடத்தில் இருக்கும் உருளைகளின் இடுக்கில் விழுந்தது. வரிசை நின்றது, பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், ஒருவர் என் காதில் படும்படியாகவே திட்டினார். கடைசியில் துப்புரவுப் பணியாளரான ஓர் அம்மா முழங்காலிட்டு, துடைப்பக் குச்சியால் தள்ளி எடுத்துக் கொடுத்தார். ராணியின் காதிலிருந்து முகவாய்வரை ஒரு கோடு. இன்றும் இருக்கிறது. காவலர்மேல் எனக்குக் கோபமில்லை. அப்படிக் கொட்டி எடுத்துப்போனது என் புத்தி.

அதனால் பிஸ்கட் டின் வேண்டாம். நாணயக்காரர்களிடம் சதுர அட்டை உறை கிடைக்கும். நடுவில் வட்டமாகக் கண்ணாடித்தாள் இருக்கும், நாணயத்தை உள்ளே வைத்து மடித்து ஸ்டேப்ளர் அடிப்பார்கள். ஒவ்வொரு காசையும் அதில் போட்டு, பத்துப் பத்தாக அடுக்கி, பையில் ஒரே இடத்தில் குவிக்காமல் பரப்பி வையுங்கள். திரையில் வட்டம் வட்டமாகத் தெரிந்தாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். திறந்தாலும் இருபுறமும் பார்க்கலாம், விரல் படாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளை வாங்காதீர்கள். நாளடைவில் அவை பச்சைப் பிசுக்காகக் கசிந்து காசில் ஒட்டிக்கொள்ளும். தங்கப் பணம் ஒவ்வொன்றும் அரை கிராம்கூட இருக்காது, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அவற்றுக்கு மட்டும் மூடி திருகும் சிறு பிளாஸ்டிக் குப்பி வாங்குங்கள், உள்ளே பஞ்சு வையுங்கள்.

இன்னொன்று. மகள் வீட்டுக்குப் போகிறதாயிற்றே, பளபளவென்று இருக்கட்டும் என்று பூஜைப் பாத்திரத்தோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். செப்புக்காசின் மேல் படிந்திருக்கும் அந்தக் கருமையும் பச்சையும்தான் அதன் வயது. தேய்த்தால் வயதும் போகும், விலையும் போகும். வெள்ளிக்கு விபூதியும் வேண்டாம்.

பெண்கள் தனியாகப் போகும்போது யாரும் சொல்லித்தராத விஷயம் ஒன்று இருக்கிறது. ஆண்களை வெளிப்படையாக நிற்க வைத்துத் தடவிப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். பெண்களுக்குத் திரை போட்ட மறைப்புக்குள் சோதனை. நீங்கள் திரைக்குள்ளே இருக்கும் நேரத்தில் உங்கள் பை பெல்ட்டின் மறுமுனையில் கேட்பாரற்றுக் கிடக்கும். பையைத் தட்டில் வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்காதீர்கள். கையிலேயே வைத்திருங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர்தான் மிச்சம் என்றானதும் பெல்ட்டில் வையுங்கள். வைக்கும்போதே அங்கிருக்கும் காவலரிடம், "இதில் பழைய நாணயங்கள் இருக்கின்றன, நான் வந்த பிறகு என் எதிரில் திறந்து பாருங்கள்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். தங்கம், வெள்ளி என்ற சொற்களை உரக்கச் சொல்ல வேண்டாம். திறந்துதான் ஆகவேண்டும் என்றால், ஓரமாக ஒரு மேசையில் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். விமானம் புறப்பட இரண்டரை மணி நேரம் இருக்கும்போதே போய்விட்டால் இதையெல்லாம் பதறாமல் செய்யலாம்.

சக்கரம் வைத்த பெட்டியாக இல்லாமல் தோள்பையாக இருக்கட்டும். மேலே இடமில்லை, பெட்டியைக் கீழே அனுப்புகிறோம் என்று ஏறும் வாசலில் வாங்கிக்கொள்வது சக்கரப் பெட்டிகளைத்தான். உள்ளே போனதும் மேல் அலமாரியில் வைக்காமல், முன் இருக்கையின் அடியில், உங்கள் கால் படும்படி வையுங்கள்.

பில் விஷயம். நாற்பது வருடச் சேகரிப்புக்கு யாரிடமும் பில் இருக்காது. ஆனால் மதிப்பு அதிகம் என்று தோன்றினால் பாதுகாப்புப் படையினர் வருமான வரித் துறைக்குத் தகவல் சொல்வதுண்டு, அப்போது காட்ட ஏதாவது வேண்டும். கணவர் குறிப்பு நோட்டு வைத்திருந்தாரா? சேகரிப்பவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். அதன் நகல், நீங்கள் எடுத்துப்போகும் காசுகளின் பட்டியல், இருபுறப் படங்கள், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் இருந்தால் போதும். தேர்தல் அறிவித்திருக்கும் காலமென்றால் இந்தக் காகிதங்கள் விமான நிலையத்தைவிட சாலையில்தான் தேவைப்படும். மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்குள் எத்தனை பறக்கும் படை! 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தாலே ஆவணம் கேட்பவர்கள், பை நிறைய வெள்ளியைப் பார்த்தால் சும்மா விடமாட்டார்கள்.

சோழர் காசு பற்றி ஒரு வார்த்தை. ஒரு புறம் நிற்கும் உருவம், மறுபுறம் உட்கார்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ என்று இருந்தால், பெயரைப் பார்த்துக் கோடிக்கணக்கு போடாதீர்கள், ஏராளமாகக் கிடைத்த காசு அது. கணவர் விலைக்கு வாங்கியதா, யாராவது நிலத்தில் தோண்டி எடுத்துக் கொடுத்ததா என்று நோட்டில் பாருங்கள். மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இனி மகன். இங்கேதான் நான் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம், 1972இன்படி நூறு ஆண்டு நிறைந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அப்பாவின் சொத்து, நினைவுப்பொருள் என்று சொல்லிப் பயனில்லை. குறைந்தது ஆறு மாதம், கூடினால் மூன்று ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. விக்டோரியா ரூபாய் அத்தனையும், மகுடமில்லாத எட்வர்ட் ரூபாயும் நூறு தாண்டியவை. ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் 1922உடன் நின்றுவிட்டது, எனவே அதுவும் தாண்டிவிட்டது. வராகன், தங்கப் பணம், சோழர் காசு பற்றிக் கேட்கவே வேண்டாம். மிஞ்சுவது ஆறாம் ஜார்ஜ்தான். அதில் 1940 முதல் வந்தவற்றில் வெள்ளி பாதிதான். ஆசைக்கு அதில் நாலு எடுத்துக்கொள்ளட்டும். அதற்கும்கூட, தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு போவது நல்லது. சுங்கத்தில் நிற்கும் அதிகாரி ஆண்டைப் படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்வரை விமானம் காத்திருக்காது. மகனின் பங்கு இங்கேயே அவர் பெயரில் இருக்கட்டும், தீபாவளிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் 1911 என்று போட்டது இருக்கிறதா என்று தேடுங்கள். அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, திரும்பப் பெற்று உருக்கிய காசு அது. அடுத்த வருடமே யானையின் துதிக்கையைத் திருத்தி வெளியிட்டார்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள், நெஞ்சுக்குக் கீழே சங்கிலியில் தொங்கும். இருந்தால் தனி உறையில் போட்டு, மகளிடம் கொடுக்கும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள். பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.