ஒரே பொருள் வாங்கினால் பில்லில் மூன்று வரிசை ஏன்?

கேள்வி: ஸ்டேஷனரி மொத்த வியாபாரம் செய்கிறேன். ஆன்லைன் ஆர்டர்கள் எக்ஸ்எம்எல் கோப்பாக (ஒவ்வொரு தகவலுக்கும் பெயர் ஒட்டி எழுதிய கோப்பு) எங்கள் சர்வருக்கு வரும். பிஎச்பி மொழியில் எழுதிய கோடு அதைப் பிரித்து பில் போடும். இரண்டு, மூன்று பொருள் இருந்தால் பில் சரியாக இருக்கிறது. ஒரே பொருள் என்றால் மூன்று குப்பை வரிசைகள் வருகின்றன. கோடு எழுதியவர், எக்ஸ்எம்எல்லை மாற்றித் தரும் ஒரு கன்வெர்ட்டர் ப்ளகின் (கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்) வாங்கினால் தீரும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கோடில் திருத்த வேண்டியது நாலைந்து வரிதான்.

உங்கள் கோப்பில் ‘பொருள்’ என்று ஒரு டேக், அதாவது பெயர் எழுதிய அடைப்பு, இருக்கும், அதற்குள் பெயர், எண்ணிக்கை, விலை. உங்கள் ஆள் என்ன எழுதியிருப்பார் என்று பார்க்காமலே சொல்கிறேன். கோப்பை சிம்பிள்எக்ஸ்எம்எல்லில் (எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பிஎச்பி வசதி) ஏற்றி, ஜேசான் என்ற இன்னொரு தகவல் வடிவமாக்கி, அதை மறுபடி அரேயாக்கும், அதாவது மதிப்புகளின் தொகுப்பாக்கும், ஒற்றை வரி. நானும் ஒரு காலத்தில் எழுதியதுதான். ‘பொருள்’ இரண்டு முறை வந்தால்தான் அந்த வரி அதைப் பட்டியலாக்கும். ஒருமுறை மட்டும் வந்தால் பட்டியல் கிடையாது, பொருளையே நேராக வைத்துவிடும். அப்புறம் ஒவ்வொரு பொருளாக எடுத்து பில்லில் போடும் உங்கள் லூப், பெயரை ஒரு பொருள், எண்ணிக்கையை ஒரு பொருள், விலையை ஒரு பொருள் என்று எடுத்துக்கொண்டு மூன்று சுற்று சுற்றும். அதுதான் அந்த மூன்று வரிசை.

ஜேசான் வழியே வேண்டாம். சிம்பிள்எக்ஸ்எம்எல் தரும் ‘பொருள்’ மீதே நேராக ஃபார்ஈச் லூப் ஓட்டச் சொல்லுங்கள். ஒன்று இருந்தால் ஒருமுறை ஓடும், பத்து இருந்தால் பத்து முறை. ஒவ்வொரு மதிப்பையும் ஸ்ட்ரிங்காக காஸ்ட் செய்துதான், அதாவது வெறும் எழுத்தாக மாற்றித்தான், அரேயில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிம்பிள்எக்ஸ்எம்எல்லின் ஆப்ஜெக்ட்டே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், செஷனில் (பயனருக்கான தற்காலிகச் சேமிப்பு) சேமிக்கும்போது சீரியலைஸ் ஆக மாட்டேன், அதாவது சேமிக்கும் வடிவத்துக்கு மாற மாட்டேன், என்று அடம்பிடிக்கும். பொருளின் அடையாளக் குறியீடு 00451 மாதிரி இருந்தால் அதை எண்ணாக மாற்ற விடாதீர்கள், 451 ஆகிவிடும்.

இன்னொன்று இருக்கிறது, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். காலியான டேக். வாடிக்கையாளர் ‘குறிப்பு’ எதுவும் எழுதவில்லை என்றால் அந்த டேக் வெறுமையாக வரும். ஜேசான் வழியில் அது வெற்று ஸ்ட்ரிங் ஆகாது, வெற்று அரே ஆகிவிடும். அதை அப்படியே அச்சடித்தால் பிஎச்பி ‘அரே’ என்ற வார்த்தையையே அச்சடிக்கும். கூரியர் லேபிளில் முகவரிக்குக் கீழே ‘அரே’ என்று இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். குறிப்பு எழுதியவர்களின் லேபிள் சரியாக இருக்கும், எழுதாதவர்களுக்குத்தான் இந்தக் கூத்து. அதனால் சோதிக்கும்போது யாருக்கும் தெரியாது. மேலே சொன்னபடி ஜேசான் இல்லாமல் ஸ்ட்ரிங் காஸ்ட் செய்தால் இதுவும் சேர்ந்தே தீரும்.

கன்வெர்ட்டர் விஷயம். ஒருவர் ஆண்டுச் சந்தா கட்டி வாங்கிய ப்ளகினைத் திறந்து பார்த்தேன். உள்ளே அதே ஒற்றை வரி, அதற்கு மேல் ஒரு லைசென்ஸ் சோதனை, அவ்வளவுதான். இலவசமாக மாற்றித் தருகிறோம் என்கிற தளங்களிலும் ஆர்டர் கோப்பை ஒட்டாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், முகவரி எல்லாம் அதில் இருக்கிறது.

கோப்பு அனுப்புகிறவர்களையும் விடுவதற்கில்லை. எந்த டேக் எத்தனை முறை வரலாம் என்று எழுதிவைக்கத்தான் எக்ஸ்எஸ்டி கோப்பு இருக்கிறது. எக்ஸ்எம்எல் 1998-லேயே வந்துவிட்டது, இன்னமும் இரண்டு பொருள் போட்ட ஒரு சாம்பிளை மெயிலில் தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். எக்ஸ்எஸ்டி கொடுங்கள் என்று கேளுங்கள். அதில் ‘பொருள்’ பக்கத்தில் அன்பவுண்டட் என்று இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் வரும் என்று அர்த்தம். உங்கள் ஆளிடம் அந்த வரியைக் காட்டுங்கள்.

ஒரு பொருள், மூன்று பொருள், குறிப்பு காலியாக ஒன்று. இந்த மூன்று ஆர்டரையும் உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டிய பிறகு அவருக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.