பழப்பைக்குப் பதிலாக ஒரு வேலை (கடிதம்)

வணக்கம். நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது எழுபத்து நான்கு. கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் அவ்வப்போது வந்து பாடுகிறார்கள், பழம் கொடுக்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அடுத்த முறை வருவது வேறு பிள்ளைகள். எப்போதும் வாங்கிக்கொள்பவளாகவே உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருக்கிறது. இதை வேறு மாதிரி செய்ய முடியாதா?

(பெயர் வேண்டாம்), கோவை

அன்புள்ள அம்மாவுக்கு,

முடியும். உங்கள் கூச்சம் நியாயமானது. ஒருவர் கொடுக்க, இன்னொருவர் வாங்க என்றே அமைந்த சந்திப்பில் பேச்சு 'சாப்பிட்டீங்களா பாட்டி'யைத் தாண்டாது. சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். அந்த வேலையில் பாதி உங்களுக்கும் மீதி அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. தமிழ் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் பழைய நூல்களின் பக்கங்களைப் படமாக ஏற்றியிருக்கிறார்கள். கணினி அந்தப் படத்தை எழுத்தாக மாற்றித் தருகிறது, ஏகப்பட்ட பிழைகளோடு. ஒருவர் படத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தால் அந்தப் பக்கத்தின் நிலையைக் காட்டும் குறி மஞ்சளாகும். அப்புறம் இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது. அதாவது, இது ஆரம்பத்திலிருந்தே இரண்டு பேர் வேலை.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். ணா, றா, னாவும் அப்படித்தான். கணினியும் அங்கே தடுமாறும், இருபது வயதுப் பிள்ளையும் தடுமாறுவான். நீங்கள் படிக்கக் கற்றதே அந்த எழுத்தில்தான். கணக்குத் தொடங்குவது, தட்டச்சு, சேமிப்பது எல்லாம் அவனுக்குச் சாதாரணம்.

ஆள் மாறிக்கொண்டே இருப்பதுதான் பெரிய சிக்கல். நெதர்லாந்தில் தேவென்டர் நகரத்து முதியோர் இல்லம் ஒன்று சில மாணவர்களை வாடகையில்லாமல் தங்கவைத்தது. மாதம் முப்பது மணி நேரம் நல்ல அண்டை வீட்டாராக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதே முகங்கள், திரும்பத் திரும்ப. எனக்கு அதில் பிடித்தது அதுதான். நம் ஊரில் தங்கவைக்க வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். மாதத்துக்குப் பத்து மணி நேரம். அதை ஒரே இடத்தில், ஒரே ஆளோடு செலவிட்டால் போதும். பக்கத்துக் கல்லூரியின் திட்ட அலுவலரிடம் இல்லத்தின் மேலாளர் பேசட்டும். பேருந்து நிறைய ஆட்கள் வேண்டாம், இரண்டு பேர் போதும், ஆனால் அதே இரண்டு பேர் என்று கேளுங்கள்.

எந்த நூல் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள், பாடம் நடத்திய நூலாக இருந்தால் இன்னும் நல்லது. கண் வலித்தால் பிள்ளை திரையிலிருப்பதை வாசிக்கட்டும், நீங்கள் காதால் கேட்டே பிழை பிடித்துவிடுவீர்கள். சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.