மலிவுப் படங்கள எப்படி எடுத்தாங்க எண்டு காட்டுற டொக்கியுமென்டரி எது பாக்கலாம்?

கல்லடியில ஷோர்ட் ஃபிலிம் எடுக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிரிக்கார், ரத்தம், பேய், அடிதடி எண்டு கொஞ்சக் காசில எடுத்த எக்ஸ்ப்ளொய்டேஷன் படங்களப் பத்தின டொக்கியுமென்டரி எதுல தொடங்கலாம் எண்டு.

தம்பி, மார்க் ஹார்ட்லி 2010ல எடுத்த 'மச்செட்டே மெய்டன்ஸ் அன்லீஷ்ட்' முதல்ல பாருங்க. அமெரிக்கக் கம்பனிகள் ஏன் பிலிப்பைன்ஸுக்குப் போய்ப் படம் எடுத்தாங்க, கூலி குறைவு, காடு கிடக்கு, பாதுகாப்பு எண்டு ஒண்டும் பெருசா இல்ல, அந்த நாட்டு சர்வாதிகாரி மார்க்கோஸ்ர ஆட்சிக்குள்ள அது எப்படி நடந்த எண்டெல்லாம் நடிச்ச பொம்பளையளே சொல்லுறாங்க, அந்தப் பேச்சுத்தான் எனக்கு ஆகப் பெறுமதி. வெக்கையும் காடும் நம்மட பக்கம் மாதிரியே இரிக்கும்.

ஹார்ட்லிர 2008 படம் 'நொட் குவைட் ஹொலிவூட்' அவுஸ்திரேலியாவில எடுத்த இப்படியான படங்களப் பத்தினது. 1981ல அங்க படத்துல போட்ட காசுல 150 வீதத்த, வரி கட்டுற வருமானத்துல இருந்து கழிக்க விட்டாங்க, அதால காசுக்காரர் எல்லாம் படத்துக்குள்ள வந்துட்டாங்க.

மலிவுப் படங்களுக்குப் பேர் போன அமெரிக்க இயக்குனர் ரொஜர் கோர்மனப் பத்தி 2011ல வந்த 'கோர்மன்ஸ் வேர்ல்ட்' உம் விடாதீங்க. மனுசன் 1960ல 'த லிட்டில் ஷொப் ஒஃப் ஹொரர்ஸ்' படத்துல முக்காவாசிய, வேற படத்துக்குப் போட்ட செட்டுலயே, ரெண்டு நாளுல சுட்டு முடிச்சவர். செட்டும் லொகேஷனும் கைல இரிக்கிறதப் பாத்துட்டு அதுக்கேத்த மாதிரிக் கதை எழுதுங்க தம்பி, காசு தன்னால குறையும்.